செஃப் ஜேக்கப்

மஞ்சள் கறை படிந்த ஒரு தினசரி காலண்டர் தாள் இன்று அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் கிடைத்தது. பின்பக்கம் அம்மாவின் கிறுக்கல்: "ஜேக்கப் தம்பி - கோழி. மிளகு கடைசியில்." அளவு எதுவும் இல்லை. அம்மாவுக்கு அளவு கண்தான்.

சன் டிவியில் செஃப் ஜேக்கப்பின் சமையல் நிகழ்ச்சி 'ஆஹா என்ன ருசி' ஓடும்போது எங்கள் வீட்டில் யாரும் ரிமோட்டைத் தொடக்கூடாது. டிவிக்குள் இருப்பவரோடு அம்மா சண்டையே போடுவார். "எண்ணெய் காயலப்பா, அதுக்குள்ள வெங்காயத்தப் போடுறியே!" அடுத்த வாரம் அதையே சமைத்து வைத்துவிட்டு, "தம்பி சொன்ன மாதிரிதான் செஞ்சேன்" என்பார். (பொய். புளியைக் கூட்டியிருப்பார்.)

ஜேக்கப் சகாயகுமார் அருணி, தேனிப் பக்கம் உத்தமபாளையத்துக்காரர். ஸ்டார் ஹோட்டல் சமையல் தெரிந்தவர், ஆனால் அவர் தேடிப் போனது நம்மூர் வட்டாரச் சமையலை. 24 மணி நேரம் தொடர்ந்து சமைத்துக் கின்னஸ் சாதனையும் செய்தார். எனக்கென்னவோ அந்தச் சாதனையைவிட, பாட்டிகள் கைப்பக்குவத்தை டிவியில் கௌரவமாகப் பேசியதுதான் பெரிசு. ஆம்பளை சமைப்பதைப் பார்த்து எங்கள் அப்பாவே ஒருநாள் வெங்காயம் உரித்தார். ஒரே ஒருநாள்தான்.

2012 நவம்பர் 4. மாரடைப்பு. வயது 38.

அன்று செய்தி ஓடியபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "சின்னப் பையன்டா" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

தாளை மறுபடி பெட்டிக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோழி எடுக்கணும்.