பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கு

அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வீடு அவருடைய சொந்த சம்பாத்தியம். இருப்பது அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பெண். "நாலு பேர், நாலு பங்கு" என்றுதான் பெரும்பாலான வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள். அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அந்தக் கணக்கு தப்பு. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாய், மனைவி, மகன், மகள் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குச் சம பங்கு. ஆக, பங்கு ஐந்து. தாத்தாவுக்கு இந்த வரிசையில் இடமில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, நகை போட்டாயிற்று என்பதால் அவள் பங்கு குறையாது.

இதை அப்படியே விட்டால் என்ன ஆகும்? வீட்டின் மதிப்பு 30 லட்சம் என்று வையுங்கள். பாட்டியின் பங்கு 6 லட்சம். இரண்டு வருடம் கழித்துப் பாட்டியும் உயில் இல்லாமல் போய்விடுகிறார். தாத்தா முன்பே இல்லை. பாட்டிக்கு அப்பா தவிர இரண்டு பெண்கள். அத்தைகள் இருவருக்கும் ஆளுக்கு 2 லட்சம். மீதி 2 லட்சம் இறந்துபோன மகனின் வழியாகப் பேரப்பிள்ளைகள் மூவருக்கும் சேர்த்து. மருமகளான அம்மாவுக்குப் பாட்டியின் பங்கில் ஒன்றும் வராது. நான்கு பேர் கையெழுத்தில் முடியும் என்று நினைத்த வீட்டை விற்க இப்போது இரண்டு அத்தைகளும் சார்பதிவாளர் அலுவலகம் வர வேண்டும். அவர்களும் காலமாகிவிட்டால் அவர்களுடைய வாரிசுகள் அத்தனை பேரும். சொத்தின் மேல் பதிவான பரிமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தும், வங்கி வழக்கறிஞர் கடனுக்கு ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்புவது இந்த இடத்தில்தான்.

அதனால் பாட்டி நினைவோடு இருக்கும்போதே விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம், போட்டுவிடுவது நல்லது. சட்டத்தை விடவும் இதில் அவசரம் வயதுக்குத்தான்.

முதல் வேலை வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு வட்டாட்சியர் தருவார். பாட்டி பெயர் அதில் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். அப்பாவின் பெயரையும் ஒப்பிடுங்கள். கிரயப் பத்திரத்தில் தலைப்பெழுத்து "ரா", இறப்புச் சான்றில் "ஆர்", ஆதாரில் தலைப்பெழுத்தே இல்லை என்றால், மூன்றும் ஒரே ஆள் என்பதைப் பத்திரத்திலேயே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

விடுதலைப் பத்திரம் கூட்டு உரிமையாளர்களுக்குள் மட்டும்தான் செல்லும். பாட்டியும் தங்கையும் தம்பியும் அம்மாவும் தங்கள் பிரிபடாத பங்கை மூத்த மகனுக்கு விட்டுக்கொடுக்கலாம். மூத்த மகனின் மனைவி பெயருக்கு விடுதலை எழுத முடியாது. அவருக்கு வீட்டில் பங்கே இல்லை. அதே மாதிரி, "மாடி எனக்கு, கீழ்த்தளம் உனக்கு" என்றால் அது பாகப்பிரிவினைப் பத்திரம். பத்திரத்தின் வகை மாறினால் கட்டணக் கணக்கும் மாறும்.

தமிழ்நாட்டில் 2023 ஜூலை 10 முதல் குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. மேலே சொன்ன வீட்டில் நான்கு பங்கு, அதாவது 24 லட்சம் விடுவித்தால் முத்திரைத் தீர்வை 24,000. இதையே தெரியாமல் கிரயமாக, அதாவது விற்பனையாக, எழுதினால் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2,16,000 ரூபாய் போய்விடும்.

பணம் கைமாறினால் மறைக்காதீர்கள். தங்கைக்கு 5 லட்சம் கொடுத்துவிட்டு, "பிரதிபலன் இல்லாமல்" என்று எழுதுவது இரண்டு பேருக்கும் ஆபத்து. தொகையைப் பத்திரத்தில் காட்டி, காசோலை எண்ணையும் எழுதுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். தங்கைக்கு அது மூலதன ஆதாயம், அதாவது சொத்தைக் கைமாற்றியதில் வந்த, வரிக்கு உட்பட்ட லாபம். ஆனால் அப்பா வாங்கிய விலையும், அவர் வைத்திருந்த காலமும் அவள் கணக்கில் சேரும். அப்பா 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியிருந்தால் அந்தத் தேதியின் மதிப்பை, பதிவுக்காக அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், அடக்க விலையாகக் காட்டலாம். பணமே வாங்காமல் விட்டுக்கொடுத்தால், பெற்றுக்கொள்ளும் உடன்பிறப்புக்கு வருமான வரி இல்லை.

வாரிசுகளில் ஒருவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் நில்லுங்கள். அம்மாவே காப்பாளர் என்றாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் பிள்ளையின் பங்கை விடுவித்தால், அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி இந்தியத் தூதரகத்தில் சான்றிட்ட பொது அதிகாரப் பத்திரம் (தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தருவது) அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

பாட்டியால் நடக்க முடியாவிட்டால், மருத்துவர் சான்றோடு மனுக் கொடுத்தால் பதிவு அலுவலரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்குவார். பத்திரத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். வெறும் தாளில் ரேகை வைக்கச் சொல்லாதீர்கள். எதில் ரேகை வைக்கிறோம் என்று தெரியாத பாட்டியின் பத்திரம் நாளைக்கு வழக்கில் நிற்காது, அது நியாயமும் இல்லை.

கையெழுத்துக்கு முன் கடைசியாகப் பார்க்க வேண்டியது சொத்து விவரம். சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம், நான்கு எல்லைகள் எல்லாவற்றையும் மூலப் பத்திரத்தோடும் பட்டாவோடும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். 112/3அ என்பது 112/3 என்று விழுந்துவிட்டால் பிழைதிருத்தல் பத்திரம் போட அத்தனை பேரும் மறுபடி வர வேண்டும். அப்போது பாட்டி இருப்பாரா என்பது தெரியாது.