கம்பிரியாவின் மலைகளும் அவற்றை வகைப்படுத்தும் விதிகளும்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள கம்பிரியா கவுண்டியில், கடல் மட்டத்திலிருந்து 964 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஸ்காஃபெல், அந்த நாட்டின் இரண்டாவது உயரமான மலை. அதே கவுண்டியின் தென்கோடியில், கெண்ட் ஆறு மோர்கம் விரிகுடாவில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஆர்ன்சைட் நாட் என்ற சுண்ணாம்புக்கல் குன்று இருக்கிறது. அதன் உயரம் 159 மீட்டர். பிரித்தானிய மலை நடையர்கள் பெரிதும் மதிக்கும் ‘மெரிலின்’ பட்டியலில் இந்தச் சிறு குன்றுக்கு இடம் உண்டு, ஸ்காஃபெல்லுக்கு இல்லை. முதன்முதலாக இதைப் படிக்கும் எவருக்கும் அச்சுப் பிழை என்றே தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலின் விதியை அறிந்து, அதன் பிறகு இரண்டு இடங்களிலும் போய் நின்று பார்த்தால், விதி சொல்வது சரிதான் என்று மனம் ஒப்புக்கொள்கிறது.

ஆலன் டாசன் என்பவர் 1992-இல் வெளியிட்ட நூலில் வகுத்த விதி அது. ஒரு மலை எவ்வளவு உயரம் என்று அவர் கேட்கவில்லை. தன்னைச் சுற்றியுள்ள நிலத்திலிருந்து அது எவ்வளவு தனித்து எழுகிறது என்று கேட்டார். ஒரு சிகரத்திலிருந்து அதைவிட உயரமான வேறொரு சிகரத்துக்குப் போக வேண்டுமானால், எந்த வழியில் போனாலும் குறைந்தபட்சம் இவ்வளவு இறங்கித்தான் ஆக வேண்டும் என்று ஓர் அளவு இருக்கும். அதையே புடைப்பு என்கிறார்கள். அந்த இறக்கம் 150 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அது மெரிலின். உயரம் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891-இல் பட்டியலிட்ட சர் ஹியூ மன்றோவின் பெயராலேயே அந்த மலைகள் மன்றோக்கள் எனப்படுகின்றன. அதை ஒட்டி, நடிகை மெரிலின் மன்றோவை நினைவூட்டும்படி டாசன் தம் பட்டியலுக்குப் பெயர் வைத்தார்.

ஸ்காஃபெல்லுக்கு அடுத்து நிற்பது 978 மீட்டர் உயரமுள்ள ஸ்காஃபெல் பைக், இங்கிலாந்தின் முதல் மலை. இரண்டுக்கும் நடுவே மிக்கல்டோர் என்ற குறுகிய கற்கணவாய் இருக்கிறது. அங்கே நின்று தெற்கே பார்த்தால், ஸ்காஃபெல்லின் கரும்பாறைச் சுவர் நேர் எதிரே, கழுத்தை நிமிர்த்தும் அளவுக்கு எழுந்து நிற்கும். கால்தடம் ஒன்று அந்தச் சுவரின் அடிவரை போய், பிராட் ஸ்டாண்ட் எனப்படும் பாறைப்படிகளில் முடிந்துவிடும். அவற்றில் ஏறுவது நடையரின் வேலையல்ல, பாறையேறியின் வேலை. கவிஞர் கோல்ரிட்ஜ் 1802 ஆகஸ்டில் அந்தப் படிகள் வழியாகத்தான் இறங்கினார் என்பது மலையேற்ற வரலாற்றில் பதிவாகியுள்ள செய்தி. மற்றவர்கள் ஃபாக்ஸஸ் டார்ன் என்ற சிறு குளத்தின் பக்கமாகவோ, லார்ட்ஸ் ரேக் என்ற சரளைச் சரிவு வழியாகவோ சுற்றித்தான் ஸ்காஃபெல்லுக்குப் போக வேண்டும். இவ்வளவு கடினமான இடைவெளியாக இருந்தும், அந்தக் கணவாயிலிருந்து ஸ்காஃபெல்லின் உச்சி ஏறக்குறைய 130 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. 150 என்ற வரம்பைத் தொட இன்னும் இருபது மீட்டர் வேண்டும். ஆகவே விதியின் கண்ணுக்கு ஸ்காஃபெல் என்பது ஸ்காஃபெல் பைக்கின் தோள். சற்றுத் தள்ளியுள்ள போஃபெல்லும், 900 மீட்டரைத் தாண்டிய அழகான கூம்பு மலையாக இருந்தும், இதேபோல் மிகச் சில மீட்டர் குறைவால் வெளியே நிற்கிறது.

ஆர்ன்சைட் நாட்டின் நிலை நேர்மாறானது. ஒரு பக்கம் விரிகுடாவின் மணல்வெளி, மற்றப் பக்கங்களில் சதுப்பும் தாழ்ந்த வயலும். கடல் சில மீட்டர் உயர்ந்தாலே அது தீவாகிவிடும். நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையின் பராமரிப்பில் உள்ள அந்தக் குன்றின் மேல், மரங்களுக்குச் சற்றுக் கீழே, திசைகாட்டும் பலகை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அங்கே நின்றால் வடக்கே, கம்பிரியாவின் ஏரிகள் நிறைந்த மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டின் மலைகள் வரிசையாகத் தெரியும்; நடுவில் பார்வையை மறைக்கும் மேடு எதுவும் இல்லை. 159 மீட்டர் உயரத்தில் அப்படி ஒரு காட்சி கிடைப்பதற்கான காரணம் அதன் தனிமைதான். அந்தத் தனிமையைத்தான் டாசனின் விதி அளக்கிறது.

புடைப்பைப் புரிந்துகொள்ள நான் நண்பர்களுக்குக் காட்டும் இடம் டன்மெய்ல் ரைஸ். கிராஸ்மியரிலிருந்து கெஸ்விக் போகும் நெடுஞ்சாலை, 238 மீட்டர் உயரத்தில் இந்தக் கணவாயைக் கடக்கிறது. சாலையின் இரு தடங்களுக்கு நடுவிலேயே ஒரு பழைய கற்குவியல் இருக்கும். கிழக்கே 950 மீட்டர் உயரத்தில் ஹெல்வெலின். அதன் உச்சியிலிருந்து ஸ்காஃபெல் பைக்குக்கு நடந்தே போக நினைப்பவர், முகட்டின் எந்த மடிப்பைத் தேர்ந்தெடுத்தாலும், இந்தச் சாலை மட்டத்துக்காவது இறங்காமல் போக முடியாது. 950-இல் 238 போக 712. அதுவே ஹெல்வெலினின் புடைப்பு. ஸ்காஃபெல் பைக்குக்கு இது 912 மீட்டர், ஏனென்றால் அதைவிட உயர்ந்த நிலத்தை வேல்ஸிலோ ஸ்காட்லாந்திலோதான் தேட வேண்டும். வரைபடத்தில் உச்சியின் எண்ணை மட்டும் பார்க்கிறவர்களுக்குக் கணவாய்கள் கண்ணில் படுவதில்லை. புடைப்பு விதியோ கணவாய்க்கும் உச்சிக்கும் சம மதிப்புக் கொடுக்கிறது. நிலத்தின் வடிவத்துக்கு மிக நேர்மையான விதி இதுவே என்று நான் கருதுகிறேன்.

உயரத்தை வைத்து வகுத்த பட்டியல்கள் இவற்றுக்கு முந்தியவை, இன்றும் செல்வாக்குள்ளவை. 3,000 அடியை, அதாவது 914.4 மீட்டரை, எல்லையாகக் கொண்டால் இங்கிலாந்து முழுவதிலும் தனி மலைகள் என்று நான்குதான் தேறும்: ஸ்காஃபெல் பைக், ஸ்காஃபெல், ஹெல்வெலின், 931 மீட்டர் உயரமுள்ள ஸ்கிட்டா. நான்கும் கம்பிரியாவில்தான் உள்ளன. 2,000 அடிக்கு இறங்கினால் எண்ணிக்கை பெருகுகிறது, விதியும் கிளைக்கிறது. 2,000 அடியும் 30 மீட்டர் புடைப்பும் உள்ளவை ஹியூவிட்டுகள். புடைப்பை 15 மீட்டராகக் குறைத்தால் கிடைப்பவை நட்டால்கள். ஜான், ஆன் என்ற நட்டால் தம்பதியர் தொகுத்த பட்டியல் அது. எனர்டேல் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் பில்லர் ராக் என்ற பாறைக் கோபுரம் நட்டால் பட்டியலில் இருப்பதால், அதை முழுமையாக முடிக்க விரும்புகிறவர் ஓரிடத்தில் கயிறு கட்டிப் பாறையேறியே தீர வேண்டும்.

2,000 அடி என்றால் மிகச் சரியாக 609.6 மீட்டர். இந்தக் கோடு எவ்வளவு நுணுக்கமான வேலையைக் கேட்கிறது என்பதற்குக் கம்பிரியாவிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. ஈடன் பள்ளத்தாக்கின் மேலுள்ள தாக் மூர், நெடுங்காலம் 609 மீட்டர் என்று வரைபடத்தில் இருந்தது. 2012-இல் துல்லியமான ஜிபிஎஸ் கருவியால் அளந்தபோது 609.62 மீட்டர் என்று தெரிந்து, இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் மலைகளின் பட்டியலில் சேர்ந்தது. செட்பர்க் ஊருக்குத் தெற்கேயுள்ள காஃப் டாப்பின் கதை இன்னும் வியப்பானது. முதல் அளவீட்டில் அது இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துபோனது. பின்னர் 2016-இல், நாட்டின் வரைபடங்களைத் தயாரிக்கும் ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனம் செயற்கைக்கோள் அளவுகளைக் கடல் மட்ட உயரமாக மாற்றும் தன் கணித மாதிரியைத் திருத்தியது. பழைய அளவீட்டைப் புதிய மாதிரியில் இட்டதும் விடை 609.606 மீட்டர் என்று வந்தது. ஆறு மில்லிமீட்டர் மிகுதி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அளப்பவர்கள் காட்டும் ஒழுங்கு. உச்சியில் யாரோ குவித்த கற்களையும், அளவைத் தூணையும், எல்லைச் சுவரையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. முதலில் தளமட்டக் கருவியால் சுற்றிலும் பார்த்து, இயற்கையான தரையில் மிக உயர்ந்த புள்ளி எது என்று கண்டுபிடிக்கிறார்கள். பல வேளைகளில் அது தூணிலிருந்து சில எட்டுகள் தள்ளி, புல்லுக்குள் ஒரு சிறு மேடாக இருக்கும். அதன் மேல் கருவியை நிறுத்தி, மணிக்கணக்கில் காற்றிலும் மழையிலும் காத்திருந்து தரவு சேர்க்கிறார்கள். பெருநிலப் பிரித்தானியாவின் உயரங்கள் அனைத்தும், கார்ன்வாலில் உள்ள நியூலின் துறைமுகத்தில் 1915 முதல் 1921 வரை பதிவான சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகின்றன. கம்பிரியப் புல்மேடு ஒன்று மலையா இல்லையா என்பதை, நாட்டின் மறுகோடியில் நூறாண்டுக்கு முன் எடுத்த அலையளவு தீர்மானிக்கிறது. சட்டத்துக்கு இந்த நுணுக்கம் தேவைப்படவில்லை: நடையர்களுக்குத் திறந்தவெளி உரிமை தந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டம், 600 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மலை என்று ஏற்கிறது. அதன்படி காஃப் டாப் எப்போதோ மலையாகிவிட்டது.

இந்த எண் விதிகள் எதற்கும் கட்டுப்படாத பட்டியல் ஒன்று இருக்கிறது. கம்பிரியாவில் மக்கள் மிகுதியாகப் பின்பற்றுவதும் அதுதான். கெண்டல் நகராட்சியில் கருவூல அலுவலராகப் பணியாற்றிய ஆல்ஃபிரட் வெய்ன்ரைட், 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட வழிகாட்டியில், லேக் டிஸ்ட்ரிக்டின் 214 மலைகளுக்குத் தனித்தனி அத்தியாயம் எழுதினார். எழுத்தும் படமும் வரைபடமும் அவர் கையாலேயே ஆனவை. அந்த 214-ஐத்தான் இன்று வெய்ன்ரைட்கள் என்கிறார்கள். எந்த உயரம் வேண்டும், எவ்வளவு புடைப்பு வேண்டும் என்று அவர் வரையறுக்கவில்லை. தம் கண்ணுக்கும் காலுக்கும் தனி மலை என்று பட்டதை எடுத்துக்கொண்டார்.

அதன் விளைவுகள் சில, கணக்கில் பழகியவர்களுக்குப் பொறுக்காது. ஸ்காஃபெல் பைக்கின் பக்கத்திலுள்ள இல் கிராக், 935 மீட்டர் உயரத்துடன் ஸ்கிட்டாவையும் மிஞ்சுகிறது. அது அவருடைய பட்டியலில் தனி மலையாக இல்லை. பிளென்கத்ராவின் பின்புறம் உள்ள மங்ரிஸ்டேல் காமன் என்ற புல்வெளிச் சரிவோ, உச்சி எது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடம்; அதன் புடைப்பு சில மீட்டர்தான். அது இருக்கிறது. வேறெந்த முக்கியப் பட்டியலும் சீந்தாத அந்தச் சதுப்பு நிலத்துக்கு, 214-ஐ முடிக்க விரும்பும் ஒவ்வொருவரும் கடமையாகப் போய் வருகிறார்கள். பாரோடேல் பள்ளத்தாக்கின் கழுத்தில் நிற்கும் காஸில் கிராக், 290 மீட்டர் உயரத்தில், அந்தப் பட்டியலில் 1,000 அடிக்கும் குறைந்த ஒரே மலை. பழைய பலகைக்கல் சுரங்கக் குவியல்களுக்கு இடையே வளைந்து ஏறினால், உச்சிப் பாறையில் முதல் உலகப் போரில் இறந்த அவ்வூர் இளைஞர்களின் பெயர்கள் பொறித்த நினைவுக்கல் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு, இந்த மலை பட்டியலில் இருக்கத் தகுமா என்ற கேள்வியையே நான் எழுப்பவில்லை.

வெய்ன்ரைட் தம் உள்ளத்துக்கு மிக நெருக்கமாகக் கருதிய ஹேஸ்டாக்ஸ் 597 மீட்டர்தான். 2,000 அடிப் பட்டியல் எதிலும் அதற்கு இடமில்லை. 1991-இல் அவர் இறந்தபின், அந்த மலைமேல் இன்னாமினேட் டார்ன் என்ற சிறு குளத்தின் கரையில் அவருடைய சாம்பலைத் தூவினார்கள். உயரத்தைப் பொருட்படுத்தாமல் மலையை நேசிக்கலாம் என்பதற்காக இதை நான் மதிக்கிறேன். ஆயினும் அவருடைய பட்டியல் கம்பிரியாவின் முழுப் படம் ஆகாது. அவர் வரைந்த எல்லைக்கு வெளியே இருப்பதால், பென்னைன் தொடரின் தலையான, 893 மீட்டர் உயரமுள்ள கிராஸ் ஃபெல் அதில் வராது. ஹவ்கில் குன்றுகளின் தலைமைச் சிகரமான த காஃபும் வராது.

கம்பிரியா என்ற கவுண்டியே 1974-இல் உருவானதுதான். கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து ஆகியவற்றுடன், லங்காஷயரின் ஒரு பகுதியையும் யார்க்‌ஷயரிலிருந்து செட்பர்க் பக்கத்தையும் சேர்த்தார்கள். அதற்கு முன் ஹெல்வெலின் வெஸ்ட்மோர்லாந்தின் உச்சி. கோனிஸ்டன் ஓல்ட் மேன் லங்காஷயரின் உச்சியாக நெடுங்காலம் கருதப்பட்டது. 2023-இல் கவுண்டி மன்றத்தைக் கலைத்து, நிர்வாகத்தை இரண்டு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தனக்கென மன்றம் இல்லாத, சம்பிரதாயத்துக்கான ‘சடங்குக் கவுண்டி’யாக மட்டும் கம்பிரியா தொடர்கிறது. ஆகவே கவுண்டி உச்சிகளைச் சேகரிப்பவர்கள், எந்த ஆண்டின் எல்லையை ஏற்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்கிறார்கள்.

புதிதாக வருபவர் எந்தப் பட்டியலில் தொடங்கலாம் என்று கேட்டால், கம்பிரியாவின் மெரிலின்களில் தொடங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். அது ஒருவரை நெரிசல் மிகுந்த மையத்திலேயே வைத்திருக்காமல், கவுண்டியின் ஓரங்களுக்கும் அழைத்துப் போகும். அப்படிப் போகும்போது பிளாக் கோம்பைத் தவறவிடாதீர்கள். கவுண்டியின் தென்மேற்குக் கரையில், 600 மீட்டர் உயரத்தில், 2,000 அடிப் பட்டியல்களுக்குச் சற்றே எட்டாமலும் வெய்ன்ரைட்டின் 214-க்கு வெளியிலும் நிற்கும் மலை அது. கடலோரத்திலிருந்து நேராக எழுவதால், வானம் தெளிந்த நாளில் அதன் உச்சியிலிருந்து ஐரிஷ் கடலில் மேன் தீவையும், தெற்கே வேல்ஸின் மலைகளையும் காணலாம். ஏறும் பாதை நெடியது என்றாலும் சரிவு மென்மையானது. மேற்கிலிருந்து மேகம் வருவதற்கு முன், காலையிலேயே ஏறிவிடுவது நல்லது.