சேலம்–சென்னை: அரை மணி நேரம் என்று நம்பிப் போனோம்

தங்கை மகளுக்குப் புனேயில் காதுகுத்து. தாய்மாமன் மடி என்னுடையது. ஈரோட்டிலிருந்து நான், மனைவி, அம்மா, கூடவே சீர் சாமான் இரண்டு பெட்டி.

எங்கள் ஊரிலிருந்து கோவை பீளமேடு விமான நிலையத்துக்கும் சரி, சேலம் கமலாபுரம் விமான நிலையத்துக்கும் சரி, காரில் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். சேலத்தையே எடுக்கச் சொன்னவர் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர். "அண்ணா, சேலத்துல இருந்து சென்னை 265 கிலோமீட்டர்தானுங்க. பன்னெண்டரைக்கு ஏறுனா ஒரு மணிக்கு சென்னை. மூணு மணிக்குப் புனே விமானம். தாராளமா போதுமுங்க" என்றார். இரண்டும் தனித்தனி டிக்கெட். தலையாட்டிவிட்டேன்.

அவர் சொன்ன தூரம் சரி, வானில் நேர்கோடாக அளந்தால் அவ்வளவுதான். நேரம்தான் தப்பு. கோவைக்கு வரும் ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும். சேலத்தின் ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர்தான், அதனால் அங்கே இறங்குவது விசிறி வைத்த ஏடிஆர் என்ற சின்ன விமானம். அதன் வேகம் 500 கிலோமீட்டர் அளவில்தான். ஓடுதளத்தில் ஊர்ந்து போவது, ஏறுவது, சென்னையில் இறங்க வரிசையில் நிற்பது எல்லாம் அதன்மேல். டிக்கெட்டில் சென்னை சேரும் நேரம் 1:40 என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அதை நான் பார்த்தது கமலாபுரத்தில் உட்கார்ந்திருந்தபோது.

அன்றைக்கு சென்னையிலிருந்து வர வேண்டிய விமானமே தாமதம். அதே விமானம்தான் திரும்பிப் போகிறது, ஆக எங்களுக்கும் 25 நிமிடம் போயிற்று. சென்னையில் இறங்கும்போது 2:05. தனி டிக்கெட் என்பதால் பெட்டிகளை வாங்கி மறுபடி போட வேண்டும். பெட்டி வந்தபோது 2:25. புனே கவுண்டரை இரண்டு மணிக்கே மூடியிருந்தார்கள், புறப்பட ஒரு மணி நேரம் முன்னால். கெஞ்சினேன். "தனி டிக்கெட் சார், எங்க பொறுப்பு இல்ல" என்றார் கவுண்டரில் இருந்த பெண். அம்மா பெட்டிமேல் கை வைத்தபடி, "ஏஞ்சாமி, மாமன் இல்லாம காது குத்திருவாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் சுடுகிறது.

இரவு முழுக்க விமான நிலையத்திலேயே இருந்து, மறுநாள் விடியற்காலை விமானத்துக்கு இரட்டிப்பு விலை கொடுத்தோம். முகூர்த்தம் பத்தரைக்கு. ஒன்பதரைக்கு வீட்டுக்குள் நுழைந்தோம். பாப்பா என் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டாள்.

திரும்பும்போது புனேயிலிருந்து சென்னை வழியாகக் கோவைக்கு ஒரே டிக்கெட்டாக நானே போட்டேன். பெட்டியைப் புனேயில் கொடுத்தது, கோவையில்தான் வாங்கினோம். கவனித்த இன்னொன்று: சென்னை–கோவை வானில் சுமார் 400 கிலோமீட்டர், டிக்கெட்டில் ஒண்ணேகால் மணி நேரம். 265 கிலோமீட்டர் சேலத்துக்கும் ஒரு மணி பத்து நிமிடம் போட்டிருந்தார்கள். தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள், டிக்கெட்டில் சேரும் நேரத்தைப் பாருங்கள். தனித்தனி டிக்கெட்தான் என்றால் நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

விமானத்தைத் தவறவிட்டாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கேட்டால்தான் கிடைக்கும். நான் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். மூன்று பேருக்கும் வந்துவிட்டது.