ஆரஞ்சுக் குட்டி

அக்டோபர் 9, 2024
தங்கச்சி பாப்பாவுக்குக் கர்ப்பம் 31 வாரம். படுத்தேதான் இருக்கவேண்டுமாம்.

அக்டோபர் 11
பசியாறியதும் போர்வைகளைத் துவைத்துப் பின்கட்டில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காற்றே இல்லை, ஆனால் கொடி ஆடியது. போர்வையை விலக்கினேன். கையெட்டும் தூரத்தில், சுவர் மேல் லோத்தோங் குரங்கு! பினாங்குத் தண்ணீர்மலையில் வளர்ந்தவளுக்குக் குரங்கு புதிதில்லை. பையைப் பிடுங்கும் குரங்குகளைத் தினமும் பார்க்கிறோம். இது வேறு. கறுத்த முகம், கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வரைந்த மாதிரி வட்டம். வயிற்றில் ஆரஞ்சுத் துணி. கொடியிலிருந்து எடுத்துக்கொண்டதோ என்று பார்த்தேன். துணி கையை நீட்டியது.

ஈரப் போர்வையைப் பிடித்தபடியே நின்றேன். அதுவும் ஓடவில்லை.

அக்டோபர் 12
பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்கிறாள்.

அக்டோபர் 16
வரவில்லை. சுத்தமான துணியையும் நனைத்துக் காயப்போட்டேன்.

அக்டோபர் 19
வந்தன! ஏழு எண்ணினேன். குட்டி தாயிடம் இல்லை, வேறொரு பெண்குரங்கின் மடியில். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வாங்கிக்கொண்டது. தாய் நிம்மதியாக மாங்கொழுந்து தின்றது. சித்தி, பெரியம்மா என்று மாறி மாறித் தூக்கி வளர்க்கும் இனமாம்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி ரொட்டி போட வந்தார். வேண்டாம் என்று கெஞ்சினேன். மாட்டுக்குப் போல அறை அறையான வயிறு. இலை செரிக்கிற வயிறு. ரொட்டி உள்ளே போனால் புளித்து உப்பிவிடும்.

"அக்கா, லீவு எப்போ முடியுது?" என்றாள் பாப்பா. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 22
ரோடு. எதிர்ப்பக்கத்து மரங்களுக்குக் கம்பி மேல் நடந்து போகின்றன. இன்று ஒன்று கீழே இறங்கிக் குறுக்கே ஓடியது. மோட்டார் பிரேக் போட்ட சத்தத்தில் கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டேன். தப்பிவிட்டது. குட்டி வைத்திருப்பது இறங்கியிருந்தால்? ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டிதான். தெலுக் பஹாங்கில் 2019-ல் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி ரோட்டுக்கு மேலே பாலம் கட்டினார்கள். அதுபோல் இங்கேயும் ஒன்று வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது? நாளைக்கே கேட்கவேண்டும். இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு குழாய், அவ்வளவுதானே.

தூக்கம் வரவில்லை. பாப்பாவுக்கு இரத்த அழுத்தம் 150/95. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 24
முறுக்கு சுடவில்லை.

அக்டோபர் 26
குட்டியின் தலையில் சாம்பல் நிறம் ஏறுகிறது. ஆறு மாதத்துக்குள் ஆரஞ்சு முழுக்கப் போய்விடுமாம். "அதுக்குள்ள இது பொறந்து பார்த்திடணும்" என்று பாப்பா வயிற்றைத் தடவிக்கொண்டாள். எங்கள் லோரோங் (சந்து) பிள்ளைகளைக் கூப்பிட்டு, தீபாவளிக்கு மாமரத்துப் பக்கம் பட்டாசு வேண்டாம் என்று சொன்னேன். சரி அக்கா என்றார்கள். நல்ல பிள்ளைகள்.

அக்டோபர் 28, விடிகாலை 4.10
தலை வலிக்கிறதாம். கண் மங்குகிறதாம். கார் வருகிறது. கொடியில் அவளுடைய நைட்டி ஈரமாகவே கிடக்கிறது, வேறு எதை எடுத்து