ராயபுரம் ஸ்டேஷனுக்கு ஐந்து ரூபாய் போதும்

முதலில் அந்த ஆட்டோக்காரர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ராயபுரத்தின் பழைய ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்க்கக் கிளம்பி, சென்னை பீச் ஸ்டேஷன் வாசலில் நின்று "ராயபுரம் ஸ்டேஷன் எவ்வளவுண்ணே?" என்றேன். யோசிக்காமல் இருநூறு என்றார். "ஹார்பர் ரோடு ஃபுல்லா கன்டெய்னர் லாரி சார், திரும்பி வர சவாரியும் கிடைக்காது." மின்சார ரயிலில் அது அடுத்த ஸ்டேஷன், டிக்கெட் ஐந்து ரூபாய். பகல் கொள்ளை!

ரயிலுக்குக் காத்திருந்தது தனிக்கதை. தாம்பரம் வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ராயபுரம் வழியாகப் போகும் அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வண்டிகளோ எப்போதாவதுதான். அந்தப் பக்கம் போகும் பெரும்பாலான வண்டிகள் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்தே கிளம்பிவிடுகின்றன, ராயபுரத்தை எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் நேரம் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

சரி, இறங்கியதும் என்ன தெரியும்? எல்லா புறநகர் ஸ்டேஷனிலும் இருக்கிற அதே நடைமேடை, அதே கூரை. சுற்றிலும் தண்டவாளமும் யார்டும். ஆனால் பக்கத்தில், சிவப்புச் சுவரும் உயரமான வெள்ளைத் தூண்களுமாக ஒரு ஜமீன் பங்களா நிற்கிறது. அதுதான் பழைய ஸ்டேஷன். அதைப் பார்த்ததும் ரயிலுக்குக் காத்திருந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த கட்டடம் இது. ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது. போய்ச் சேர்ந்த இடம் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்றைய வாலாஜா ரோடு. அப்போது அந்த ஸ்டேஷனுக்கு ஆற்காடு என்று பெயர். பம்பாயில் 1853-லேயே ரயில் ஓடிவிட்டது, உண்மைதான். ஆனால் அங்கே முதல் ரயில் கிளம்பிய போரி பந்தர் ஸ்டேஷன் இப்போது இல்லை. ராயபுரம் நிற்கிறது, இன்றும் ரயில் வருகிறது. நாட்டில் பயன்பாட்டில் உள்ள மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இதுதான் என்கிறார்கள்.

ஏன் ராயபுரம்? கோட்டையும் வியாபாரிகள் குடியிருந்த இன்றைய ஜார்ஜ் டவுனும் கூப்பிடு தூரம். 1873-ல் சென்ட்ரல் வந்தது, 1908-ல் எழும்பூர் வந்தது, மவுசு அங்கே போய்விட்டது. ராயபுரத்துக்கு மிஞ்சியது சரக்கு ரயிலும் இன்ஜின் ஷெட்டும். எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுக்கும் எத்தனையோ மின்சார இன்ஜின்களின் பக்கவாட்டில் 'ராயபுரம்' என்று எழுதியிருக்குமே, அந்த ஷெட் இந்த வட்டாரத்தில்தான். கட்டடத்தை 2005-ல் புதுப்பித்தார்கள். அதற்கு முன் அது கிடந்த கோலத்தைப் பழைய படங்களில் பார்த்தால் வயிறு எரியும். இங்கே இன்னொரு முனையம் கட்டலாம் என்ற பேச்சு வருஷக்கணக்காக ஓடுகிறது. கட்டட்டும், இந்தத் தூண்களில் கை வைக்காமல். சென்ட்ரல் வாசலில் செல்ஃபி எடுக்கிற கூட்டத்தில் பத்தில் ஒருவர் இங்கே வந்தால்கூடப் போதும்.

பஸ் நேரம், நடைமேடை விவரம் எல்லாம் எழுதுவதாக இருந்தேன். ஆனால் அத்தோ பற்றிச் சொல்லாமல் முடியாது. திரும்பி பீச் ஸ்டேஷனுக்கு வந்து, பர்மா பஜார் பின்பக்கத் தெருக்களில் நுழையுங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம் திணித்துக் கொடுப்பதையும் விடாதீர்கள். எல்லாம் சேர்த்து எனக்கு நூற்றைம்பதுக்குள் முடிந்தது, அதுவும் சூப்பை இன்னொரு தடவை கேட்டு வாங்கிக் குடித்த பிறகு. கடைகள் சாயங்காலம்தான் சூடு பிடிக்கும். அதனால் மூன்று மணிவாக்கில் ராயபுரம் போய், ஆபீஸ் கூட்டம் வண்டியை நிரப்புவதற்குள் பீச் திரும்பிவிடுங்கள்.