சுட்டியின் உச்சா கணக்கு

ஜூன் 3

டாஷ்ஹண்ட் (நீள உடம்பு, குட்டைக் கால் நாய் ஜாதி) பெண் குட்டி, பத்து வாரம், எடை 1.8 கிலோ, பெயர் சுட்டி. இன்று உச்சா 15 தடவை, அதில் வீட்டுக்குள் 9. கக்கா 4, வீட்டுக்குள் 2.

நோட்டில் மூன்றே கட்டம்: எத்தனை மணி, எந்த இடம், அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாள். மூன்றாவது கட்டம்தான் விஷயத்தைச் சொல்கிறது. உள்ளே போன 9 உச்சாவில் 4 விளையாட்டு நடுவில், 3 தூங்கி எழுந்த கையோடு, 2 சாப்பிட்ட பிறகு. அடம் என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்கும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். படுத்துக் கிடக்கும் குட்டிக்கே அது உச்சவரம்பு. ஓடியாடும் சின்ன ஜாதிக் குட்டிக்கு அரை மணி தாங்கினால் பெரிது.

ஜூன் 4

டைமர் வைத்தாயிற்று. விழித்திருந்தால் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே. எழுந்த நொடியில் ஒன்று, சாப்பிட்டு 10 நிமிடத்தில் ஒன்று, விளையாட்டை 10 நிமிடத்தில் நிறுத்தி ஒன்று. இரவில் 2 மணிக்கும் 5 மணிக்கும் அலாரம். இரவில் பேச்சு, கொஞ்சல், விளையாட்டு எதுவும் கூடாது. போனோம், முடித்தாள், வந்து படுத்தாள், அவ்வளவுதான்.

கக்கா குறையட்டும் என்று சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. இத்தனை சின்னக் குட்டிக்கு ஒரு வேளை தப்பினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி நடுக்கம் வரலாம். நாளைக்கு நான்கு வேளை, தினமும் அதே நேரத்தில். வாய்க்குப் போகும் நேரம் ஒழுங்கானால் வெளியே வரும் நேரமும் ஒழுங்காகும்.

ஜூன் 6

தூங்க வைக்கும் கூண்டுக்குள்ளேயே உச்சா. ஒரு மூலையில் போய்விட்டு மறு மூலையில் நிம்மதியாகத் தூங்குகிறாள். தவறு கூண்டில்: 75 செ.மீ. நீளம் இவளுக்கு இரண்டு அறை வீடு மாதிரி. தடுப்புத் தகடு போட்டு 40 செ.மீ. ஆக்கியாயிற்று. நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். படுக்கும் இடத்தை நனைக்கக் கூடாது என்ற உணர்வு நாய்க்குப் பிறவியிலேயே உண்டு. அதற்கு வேலை கொடுக்கும் அளவில் கூண்டு இருக்க வேண்டும்.

கூண்டுக்கு வெளியே இருக்கும்போது இரண்டு மீட்டர் கயிறு, மறுமுனை இடுப்பில். இவள் விடும் உச்சா ஒரு தேக்கரண்டி இருக்கும். கண்ணில் படாமல் காய்ந்துவிடுகிறது. சின்ன ஜாதிக் குட்டி பழக நாளாகிறது என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்: பெரிய நாயின் குளத்தை எல்லோரும் பார்ப்பார்கள், இந்தச் சொட்டை யாரும் பார்ப்பதில்லை.

ஜூன் 9

மூன்று நாளாக வெளியே பத்து நிமிடம் நிற்கிறாள், ஒன்றும் போவதில்லை. உள்ளே வந்த இரண்டாவது நிமிடம் பாயில் போகிறாள். நோட்டைப் புரட்டியதும் தெரிந்தது. வெளியே முடித்த உடனே ஒவ்வொரு தடவையும் உள்ளே தூக்கி வந்திருக்கிறோம். முடித்தால் வெளியுலகம் போய்விடும் என்பதுதான் அவள் கற்றுக்கொண்ட பாடம்.

இன்றிலிருந்து மாற்றம். வாசலில் ஒரே மூலை, கயிற்றோடு, ஐந்து நிமிடம், நாம் மரம் மாதிரி நிற்பது. போனால் கடைசிச் சொட்டு விழுந்த நொடியே பட்டாணி அளவு ட்ரீட், அதே இடத்தில். உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குப் பரிசு என்றாகிவிடும். அதன் பிறகு ஐந்து நிமிடம் வெளியிலேயே விளையாட்டு. போகவில்லையென்றால் பத்து நிமிடம் கூண்டு, மறுபடி அதே மூலை. மாலைக்குள் ஏழு தடவை முயன்று ஐந்து பலித்தது.

ஜூன் 13

வாசல் கால்மிதியில் இரண்டு தடவை. உச்சாவை உறிஞ்ச உள்ளே விரித்திருந்த பேடும் கால்மிதியும் அவள் பாதத்துக்கு ஒன்றுதான். மெத்தென்று இருப்பது எல்லாம் உச்சா போகும் இடம். பேடை எடுத்தாயிற்று, கால்மிதியையும் சுருட்டியாயிற்று. மாடி வீட்டில் பேட்தான் வழி என்றால் அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளலாம், துணி விரிப்புகள்தான் போக வேண்டும். தடுப்பூசி முடியும்வரை பார்வோ என்ற கொடிய தொற்றுநோய் பயம் உண்டு. அதனால் மற்ற நாய்கள் வராத சொந்த வாசல் மட்டும்.

கழுவும் முறை: முதலில் காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு உச்சா வாடையைச் சிதைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றி நன்றாக ஊற வைத்து, பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம்வரை விட்டு, தானாகக் காய விடவேண்டும். அமோனியா வாடை உள்ள திரவம் உச்சா வாடையைப் போலவே இருப்பதால் அங்கேயே திரும்ப வருவாள். புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தோம். சோபா காலடியில் நமக்குத் தெரியாத மூன்று கறைகள்.

ஜூன் 14

உள்ளே 2. திட்டவில்லை. திட்டினால் நிறுத்தமாட்டாள், சோபாவுக்குப் பின்னால் போய்ப் போவாள்.

ஜூன் 19

மழை. வாசற்படியில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தாள். குனிந்து பார்த்தால் காரணம் தெரிகிறது: தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. நமக்குக் கணுக்கால் நனையும் புல் இவளுக்கு வயிறு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர். அடம் பிடிக்கும் இனம் என்று பேர் வாங்கியதில் பாதி இந்தக் குட்டைக் கால்களால்தான். ஓரமாக ஒரு முழ அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி, மேலே தகரம் சாய்த்து, முன்பு அவள் போன இடத்து மண் ஒரு பிடி அங்கே போட்டோம். மோப்பம் பிடித்து இரண்டு சுற்று சுற்றினாள், போய்விட்டாள்.

ஜூன் 25

நான்கு நாள் சுத்தமாக இருந்தவள் இன்று காலை இரண்டு மணி நேரத்தில் ஒன்பது தடவை, ஒவ்வொன்றும் சில சொட்டு. முடித்த பிறகும் குந்தியே நிற்கிறாள், ஓயாமல் நக்குகிறாள். இது பழக்கம் கெட்டது இல்லை. நன்கு பழகிய குட்டி திடீரென்று இப்படி ஆனால் முதலில் சிறுநீரைத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவு தாழ்ந்த குட்டிக்குக் கிண்ணம் அடியில் போகாது. சுத்தமான டப்பா மூடியைப் பின்னாலிருந்து நீட்டிப் பிடித்தோம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொடுத்தாயிற்று. சிறுநீர்த் தொற்று. மாத்திரை பாதியில் சரியானாலும் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். இந்த நாட்களில் தண்ணீரை ஒருபோதும் குறைக்கக் கூடாது.

ஜூலை 4

தொற்று போயிற்று, ஐந்து நாளாக உள்ளே 1 மட்டும். ஆனால் வெளியே போக வேண்டும் என்று இவள் கேட்பதே இல்லை. கையில் தூக்கியே கொண்டுபோனதால் கதவு எங்கே என்பதே அவளுக்குத் தெரியாது. சின்ன நாய்களிடம் எல்லோரும் செய்யும் தவறு. இன்றிலிருந்து கூண்டிலிருந்து கதவுவரை நடை. படியில் மட்டும் மார்புக்கும் பின்புறத்துக்கும் கை கொடுத்து தூக்கல், முதுகெலும்புக்காக. கதவில் அவள் மூக்கு உயரத்தில் மணி. மூக்கு பட்டு ஒலித்தால் உடனே கதவு திறக்கும், நேராக மூலைக்கு.

ஜூலை 12

உள்ளே 0, எட்டாவது நாள். இரவு அலாரம் 3 மணிக்கு ஒன்று மட்டும். மணியை மூன்று தடவை அடித்தாள். இரண்டு உச்சாவுக்கு, ஒன்று அணிலுக்கு. அணிலுக்கும் கதவைத் திறந்து மூலைக்கே கூட்டிப்போய், இரண்டு நிமிடம் நின்று, ட்ரீட் இல்லாமல் திரும்பியாயிற்று. பதினான்கு நாள் சுத்தமானால் பக்கத்து அறையும் திறக்கும், கயிறு இடுப்பிலேயே இருக்கும்.