பொது வார்டில் மறுபடி நின்றேன்

2011 அக்டோபரில் நான் முதல்முறை கவுன்சிலரானபோது எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரம் இருக்கும் சின்னப் பேரூராட்சி எங்களுடையது. 2022 தேர்தலுக்கான பட்டியலில் அதே வார்டு ‘பொது’ என்று வந்தது. உடனே எல்லோரும் என்னிடம் கேட்டது, “உங்க வீட்டுக்காரர் நிக்கிறாரா?” என்றுதான். பொது வார்டு என்றால் ஆண்கள் வார்டு என்று ஊரில் ஓர் எண்ணம். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது, பொது வார்டில் பெண்ணும் நிற்கலாம். ஒதுக்கீட்டில் ஜெயித்த பெண்கள் ஒரே தடவையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டால் அந்த ஒதுக்கீட்டுக்குப் பாதிப் பலன்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் சுயேச்சையாகவே மறுபடி நின்றேன்.

இடையில் ஒரு பெரிய வெற்றிடம். எங்கள் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் நிர்வாகம்தான். தெருவிளக்கு எரியாவிட்டால் ஜனங்கள் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். மனு எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் எழுந்து கேட்க மன்றமே இல்லை.

வேலையை வாக்காளர் பட்டியலில் இருந்து தொடங்கினேன். வார்டு மறுவரையறையில் பழைய தெருக்கள் சில போய், புதிய தெருக்கள் வந்திருந்தன. முன்மொழிபவர் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். முன்பு என்னை முன்மொழிந்த டீச்சர் இப்போது பக்கத்து வார்டுக்காரர். வேறு ஆள் பார்க்க வேண்டியதாயிற்று.

மனுத்தாக்கல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை. டெபாசிட் 1,000 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதில் பாதி. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் எதிலும் பாக்கியில்லாமல் கட்டி, ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டேன். சொத்து, கடன், வழக்கு விவரம் கேட்கும் உறுதிமொழி ஆவணத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடவில்லை. நகை இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும், கோடு போட்டுவிட்டு வரக் கூடாது. 5ஆம் தேதி பரிசீலனையில் என் மனு ஏற்கப்பட்டது. 7ஆம் தேதி, வாபஸ் நேரம் முடிந்ததும் பூட்டு சாவி சின்னம் கிடைத்தது.

ஓட்டுக் கேட்கப் போனதுதான் உண்மையான பரீட்சை. முதல்முறை நிற்பவர் ‘செய்வேன்’ என்று சொல்லலாம். ஏற்கெனவே இருந்தவர் செய்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். நான் பதவியேற்ற இரண்டு மாதத்தில், டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. மின்கம்பங்கள் சாய்ந்து கரண்ட் இல்லாத நாட்களில், ஜெனரேட்டர் பிடித்து மோட்டார் ஓட்டித் தண்ணீர் ஏற்றினோம். 2015 மழை வெள்ளத்தில் பள்ளிக்கூடத்தில் சமைத்துப் போட்டோம். இதெல்லாம் போதும் என்று சிலர் சொன்னார்கள். மீனவர் தெருவில் ஓர் ஆயா அப்படி விடவில்லை. கருவாடு காயப்போட்டுக்கொண்டே, “புயலப்போ தண்ணி குடுத்த, சரி. இந்த வாய்க்கால பாரு. அஞ்சு வருஷம் இருந்தியே, ஏன் கட்டல?” என்று கேட்டார். பாதித் தெரு வரைதான் நிதி வந்தது, மீதிக்குத் தீர்மானம் போட்டும் பணம் ஒதுக்கவில்லை என்று, வருடத்தையும் சேர்த்துச் சொன்னேன். நின்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். பழைய தீர்மான நகல்களைப் பத்திரமாக வைத்திருந்தது எந்த நோட்டீஸையும்விட அதிகம் உதவியது. கொரோனா கட்டுப்பாட்டால் ஊர்வலத்துக்குத் தடை இருந்தது. காசில்லாத சுயேச்சைக்கு அது நல்லதாகவே போயிற்று, வீடு வீடாகப் பேச முடிந்தது.

பிப்ரவரி 19 வாக்குப்பதிவு. பூத்தில் எனக்கு ஏஜென்டாக உட்கார்ந்தது மகளிர் குழுப் பெண்தான். 22ஆம் தேதி எண்ணினார்கள். எங்கள் வார்டு வாக்குகள் சீக்கிரமே எண்ணி முடிந்தன. நாற்பதுக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

மார்ச் 2 பதவியேற்பு, 4ஆம் தேதி தலைவர் தேர்தல். 2011இல் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த முறை கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம். ஒரு சுயேச்சையின் ஓட்டுக்கு அந்த ஒரு வாரம் இருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் வார்டு வாய்க்காலைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை.

செலவுக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேரூராட்சி வார்டுக்கு உச்சவரம்பு 17,000 ரூபாய். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ஜெயித்தவரும் தோற்றவரும் கணக்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருடம் போட்டியிடத் தடை வரும். பக்கத்து வார்டும் பொது வார்டுதான். அங்கே நின்று தோற்ற பெண், “தோத்தாச்சு, இனிமே எதுக்குக்கா கணக்கு?” என்று விட்டுவிடப் பார்த்தார். டீக்கடை பில், ஆட்டோ வாடகை, நோட்டீஸ் அச்சடித்த ரசீது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரச் சொல்லி, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருவர் கணக்கையும் சேர்த்தே எழுதினோம். அடுத்த முறையும் அவர் நிற்க வேண்டும்.